ஒன்று போன வீட்டுக்கு இன்னொரு குட்டி கொடுக்கலாமா?

ஜூன் 9, 2024. ராணிப்பேட்டையிலிருந்து வந்த கேள்வி

எங்கள் சிப்பிப்பாறை நாய், பதினோரு மாதக் கடுவன். போன மாதம் கேட் திறந்திருந்த நேரத்தில் வெளியே ஓடி, பெங்களூர் ரோட்டில் லாரியில் அடிபட்டு இறந்துவிட்டது. குட்டி கொடுத்தவரிடமே இன்னொன்று கேட்டோம். சும்மா இல்லை, முழுக் காசும் கொடுக்கிறோம் என்றோம். "உங்களுக்கு இனிமேல் கிடையாது" என்று போனை வைத்துவிட்டார். பிள்ளைகள் இரண்டு பேரும் சரியாகச் சாப்பிடுவதில்லை. ஒருமுறை தவறு நடந்துவிட்டால் அந்த வீட்டுக்கு மறுபடி கொடுக்கவே கூடாதா? இது நியாயமா?

ஜூன் 9, இரவு

கொடுக்கக் கூடாது. நான் குட்டி கொடுக்கிற பக்கத்தில் இருப்பவள். கே.வி.குப்பம் பக்கம் எங்கள் வீடு. பதினோரு வருடமாகச் சிப்பிப்பாறை வைத்திருக்கிறோம். ஒரு சமயத்தில் ஒரு தாய்தான். வருடத்துக்கு ஓர் ஈத்துக்கு மேல் கிடையாது, சில வருடம் அதுவும் கிடையாது. கண் திறக்காத நாளிலிருந்து ஒவ்வொரு குட்டியையும் கையில் தூக்கி எடை பார்த்து வளர்க்கிறோம். அது லாரிச் சக்கரத்தில் போய்விட்டது என்று போனில் கேட்டவருக்கு எப்படியிருந்திருக்கும்? உங்கள் கேள்வியில் காசைப் பற்றி இருக்கிறது, பிள்ளைகளைப் பற்றி இருக்கிறது, அவரைப் பற்றி ஒரு வரி இல்லை.

போன மாதம் குடியாத்தத்தில் ஒரு வீட்டுக்கு நானும் இதே பதிலைத்தான் சொன்னேன். அதில் எனக்கு வருத்தம் இல்லை.

ஜூன் 10

காலையில் படித்துப் பார்த்தால் நேற்று எழுதியது கொஞ்சம் காரமாக இருக்கிறது. கருத்து அதேதான், ஆனால் காரணத்தைச் சொல்லியிருக்க வேண்டும்.

சிப்பிப்பாறை மோப்பத்தை நம்பி வேட்டையாடும் நாய் இல்லை, கண்ணை நம்பி ஓடும் நாய். தூரத்தில் ஒரு முயலோ ஆடோ அசைந்தால் போதும், கிளம்பிவிடும். கிளம்பிய பிறகு நீங்கள் கூப்பிடுவது அதன் காதில் ஏறாது. சொல் கேட்காத குணம் என்று நினைக்காதீர்கள், ஓடும்போது அதன் உலகத்தில் வேறெதுவும் இல்லை. ஊரில் கிடையோடும் காட்டோடும் இருந்த நாயை நாம் முப்பதடிக்கு நாற்பதடி மனையில் வைத்திருக்கிறோம். அந்த மனைக்கும் நெடுஞ்சாலைக்கும் நடுவில் இருப்பது ஒரு கேட் மட்டும்தான். அதனால்தான் குட்டி கேட்டு வருகிறவர்களிடம் நான் முதலில் கேட்டைப் பற்றிக் கேட்பேன், சோற்றைப் பற்றி அப்புறம்தான்.

கேள்வி கேட்டவருக்கு: அன்று கேட்டைத் திறந்தது யார்? அதற்குப் பிறகு அந்தக் கேட்டை என்ன செய்தீர்கள்?

ஜூன் 12

அவர் நேர்மையாகப் பதில் சொல்லியிருக்கிறார். சிலிண்டர் கொண்டுவந்த பையன் திறந்தானாம். கொண்டி தளர்ந்து இருந்தது முன்பே தெரியுமாம். இப்போதும் அப்படியேதான் இருக்கிறதாம். "நாயே இல்லையே, இனி எதற்கு மாற்றுவது" என்கிறார்.

உங்களுக்குக் கொடுத்தவர் என்னைப் போன்றவர் என்றால், இந்த ஒரு வரியைத்தான் போனிலேயே மோப்பம் பிடித்திருப்பார்.

ஜூன் 13

நேற்று எழுதியதைப் படித்த ஒருவர், "விபத்தை விடுங்கள், நோயில் போன வீட்டுக்குக் கொடுக்கலாம் அல்லவா, அதில் அவர்கள் தவறு என்ன" என்று கேட்கிறார். இதைப் பற்றி எழுத எனக்குக் கை வரவில்லை, ஆனாலும் எழுதுகிறேன்.

ஆறு வருடத்துக்கு முன் சத்துவாச்சாரியில் ஓர் அம்மாவுக்கு அறுபது நாள் குட்டி ஒன்று கொடுத்தேன். முதல் தடுப்பூசி போட்டிருந்தது. போன பன்னிரண்டாம் நாள் வாந்தி, அப்புறம் ரத்தப் பேதி. பார்வோ என்கிற வைரஸ் நோய். மூன்று நாள் டிரிப்ஸ் ஏற்றியும் நிற்கவில்லை. அந்த அம்மா போனில் பேசவே முடியாமல் அழுதார். அதே ஈத்தில் பிறந்த பெட்டைக் குட்டி ஒன்று இன்னும் என்னிடம் இருந்தது. எனக்கு மனசு கேட்கவில்லை. பத்தாம் நாளே காசு வாங்காமல் கொண்டுபோய்க் கொடுத்தேன். பெரிய காரியம் செய்துவிட்டதாக நினைத்துக்கொண்டேன்.

கூடத்து மூலையில் அதே சணல் சாக்கு விரித்திருந்தது. துவைத்து மடித்து, மறுபடி விரித்திருந்தார்கள். பக்கத்தில் அதே எவர்சில்வர் கிண்ணம், பளபளவென்று தேய்த்து வைத்திருந்தது. என் கையால்தான் குட்டியை அந்தச் சாக்கில் இறக்கிவிட்டேன். அது சுற்றிச் சுற்றி மோந்து பார்த்துவிட்டு அங்கேயே படுத்தது. "பாரு, அண்ணன் வாசனை தெரியுது அதுக்கு" என்று அந்த அம்மா சொன்னார். நான் சிரித்தேன்.

ஒன்பதாம் நாள் அதற்கும் வாந்தி.

அந்தக் கிருமி வீட்டிலும் மண்ணிலும் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும், ஒரு வருடம்கூட இருக்கும் என்று அதற்கப்புறம்தான் மருத்துவர் சொன்னார். நாம் வழக்கமாக ஊற்றும் பினாயில் அதை ஒன்றும் செய்யாது. அந்த அம்மாவுக்கு அது தெரிந்திருக்க வேண்டியதில்லை. எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். குட்டி கொடுக்கிறவள் நான். இரண்டாவது குட்டி என்னால்தான் போனது.

ஜூன் 13, மாலை

மருந்தைப் பற்றிக் கேட்கிறவர்களுக்கு. வீட்டுக்கு வாங்கும் பிளீச் திரவம் ஒரு பங்கு, தண்ணீர் முப்பது பங்கு. முதலில் சோப்புப் போட்டுக் கழுவி அழுக்கை எடுத்துவிட்டு, பிறகு இதை ஊற்றிப் பத்து நிமிடம் ஊறவிட வேண்டும். சிமெண்ட் தரைக்கும் டைல்ஸுக்கும் சரி. மண் தரையில் இது முழுதாக வேலை செய்யாது. சாக்கு, துணி, மரச்சாமான் எல்லாவற்றையும் எரித்துவிடுவது நல்லது.

ஊசி ஒன்று போட்டுவிட்டால் போதும் என்பதும் தவறு. ஆறிலிருந்து எட்டு வாரத்துக்குள் தொடங்கி, மூன்று நான்கு வார இடைவெளியில் பதினாறு வாரம் வரை போட வேண்டும். தாய்ப்பாலில் வந்த எதிர்ப்புச் சக்தி குட்டியின் உடம்பில் இருக்கும்வரை ஊசி சரியாகப் பிடிக்காது. அது எந்த வாரம் இறங்கும் என்பது குட்டிக்குக் குட்டி மாறும். அதனால்தான் இத்தனை தடவை.

ஆகவே பார்வோவில் போன வீட்டுக்கு நான் இப்போது ஒரு வருடம் குட்டி கொடுப்பதில்லை. முழு ஊசியும் முடிந்த பெரிய நாய் என்றால் யோசிப்பேன்.

ஜூன் 20

இன்னொரு வகையும் இருக்கிறது. சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அக்னி நட்சத்திர நாளில் மொட்டைமாடியில் சங்கிலி போட்டுக் கட்டிவிட்டுக் கல்யாணத்துக்குப் போனவர் ஒருவர். வேலூர் வெயிலைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. நம்மைப் போல் உடம்பெல்லாம் வேர்த்துச் சூடு தணிய நாயால் முடியாது, நாக்கைத் தொங்கவிட்டு மூச்சிரைத்துத்தான் தணித்துக்கொள்ளும். இயல்பாகவே 101, 102 டிகிரி பாரன்ஹீட் இருக்கும் உடம்பு, 106ஐத் தாண்டினால் உள்ளுறுப்பெல்லாம் கெட்டுவிடும். அவர் ஒரு வாரம் கழித்து வந்து, "அதே கலரில் இருக்கா" என்று கேட்டார்.

இவருக்கு நான் எந்தக் காலத்திலும் கொடுக்க மாட்டேன். இதில் எனக்கு இரண்டாவது யோசனை கிடையாது.

ஜூன் 27

ஒன்பதாம் தேதி, குடியாத்தத்து வீட்டுக்கு இல்லை என்று சொன்னதில் வருத்தம் இல்லை என்று எழுதினேன். அது உண்மையில்லை. பதினைந்து நாளாக அதைத்தான் நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

அந்த வீட்டில் ஒரு பெரியவர். லுங்கி நெய்கிறவர், வீட்டிலேயே குழித்தறி, தரைக்குழிக்குள் காலை விட்டு மிதித்து நெய்கிற கைத்தறி. இரண்டு வருடத்துக்கு முன் என்னிடம் துரையை வாங்கிப்போனார். துரை, முன்னங்கால் இரண்டும் வெள்ளையாக இருக்கும் செவலைக் கடுவன். வைகாசி 1, கெங்கையம்மன் சிரசுத் திருவிழா. குடியாத்தத்தில் அன்று எவ்வளவு கூட்டம், எவ்வளவு வேட்டு என்று போனவர்களுக்குத் தெரியும். பெரியவர் துரையை உள் அறையில் கட்டிவைத்துவிட்டுத்தான் சாமி கும்பிடப் போனார். வாணவேடிக்கை தொடங்கியதும் கழுத்துப் பட்டையை அறுத்துக்கொண்டு பின்பக்கத்து ஓட்டு வழியாகத் தாவி ஓடிவிட்டது.

எனக்குப் போன் செய்தது அவர் மகன். "அப்பா தறியில உக்கார மாட்றாரு அக்கா, வேற குட்டி இருந்தா குடுங்க" என்றார். "ஒன்றைக் காப்பாத்தத் தெரியலை, இன்னொன்றா" என்று சொல்லிவிட்டேன். எந்த நாய் ஓடினாலும் என் வாயில் முதலில் வருவது அதுதான்.

இப்போது யோசிக்கிறேன். பெரியவர் கேட்டைத் திறந்து விடவில்லை, மாடியில் கட்டவில்லை. திருவிழா என்று தெரிந்து முன்னேற்பாடு செய்த மனிதர். அவருக்குத் தெரியாமல் போனது ஒன்றுதான்: சிப்பிப்பாறையின் கழுத்து அதன் தலையைவிடத் தடிமன், பயந்து இழுத்தால் சாதாரணப் பட்டை நிற்காது. அகலப் பட்டையாக, இழுத்தால் இறுகும் வகையாகப் போட வேண்டும். அதைச் சொல்லியிருக்க வேண்டியது குட்டி கொடுத்த நான். சொல்லவில்லை.

இன்னொன்று. குட்டி கேட்டது மகன். பெரியவர் கேட்கவே இல்லை.

ஜூன் 28

நேற்று எழுதியதில் ஒரு திருத்தம். பட்டையை "அறுத்துக்கொண்டு" என்று எழுதினேன். மகனிடம் மறுபடி பேசினேன். அறுபடவில்லை, உருவிக்கொண்டு போயிருக்கிறது. பட்டை பூட்டியபடியே சங்கிலியோடு கிடந்ததாம். அப்படியானால் நான் சொன்னது இன்னும் சரி, என் தவறும் இன்னும் பெரிது.

ஜூலை 2

சிப் போட்டிருந்தால் போனிலேயே இடம் தெரிந்திருக்குமே என்று ஒருவர் கேட்கிறார். தெரியாது. தோலுக்கடியில் போடுவது அரிசியளவு சிப். அதில் இருப்பது பதினைந்து இலக்க எண் மட்டும்தான், அதையும் கருவியைப் பக்கத்தில் வைத்தால்தான் படிக்கும். யாராவது நாயைப் பிடித்து ஒரு மருத்துவரிடம் கொண்டுபோனால் சொந்தக்காரர் யார் என்று தெரியும். அதற்காகப் போடுங்கள், கட்டாயம் போடுங்கள். ஆனால் தேடித்தராது.

தேடுவதைப் பற்றி: பயந்து ஓடிய நாய் முதல் சில நாள் பெரும்பாலும் பக்கத்திலேயே எங்கேயோ பதுங்கியிருக்கும். சொந்தக்காரர் குரலுக்குக்கூட வராது. விடியற்காலை நாலு மணிக்குப் போங்கள், பேர் சொல்லிக் கத்தாதீர்கள், பார்த்தால் துரத்தாதீர்கள், பக்கவாட்டில் திரும்பித் தரையில் உட்காருங்கள். நீங்கள் உடுத்திய துணியை அங்கே போட்டுவையுங்கள். பெரியவர் கௌண்டன்யா ஆற்று மணலில் தான் கட்டிய லுங்கியைப் போட்டுவிட்டுப் பதினெட்டு நாள் விடியலில் போய் உட்கார்ந்திருக்கிறார். யாரும் சொல்லிக்கொடுத்து அல்ல.

ஜூலை 21

இன்று பரதராமி பக்கம் போய் வந்தோம். ஆட்டுக்கிடை போடுகிறவர்களிடம் துரை மாதிரி ஒரு நாய் இருக்கிறது என்று மகனுக்குத் தகவல். நானும் வருகிறேன் என்றேன். ஒரு குட்டியை அது பிறந்த நாளிலிருந்து பார்த்தவளுக்கு அடையாளம் தெரியும் என்பது ஒரு காரணம். பெரியவர் முகத்தைப் பார்க்க வேண்டும் என்பது இன்னொன்று.

மாந்தோப்பு ஓரம் கிடை. நாய் எங்களைப் பார்த்துக் குரைத்தது. செவலைதான், உயரமும் சரி. பெரியவர் கிட்டே போகவில்லை. பத்தடி தள்ளி நின்று காலைப் பார்த்தார். நாலு காலும் செவலை. "இல்ல பாப்பா, இவன் இல்ல" என்றார். அப்புறமும் கொஞ்ச நேரம் நின்றார். அந்த நாய் குரைப்பதை நிறுத்திவிட்டு வந்து அவர் கையை மோந்தது. தலையைத் தடவிக்கொடுத்தார்.

திரும்பி வரும்போது நானே கேட்டேன். ஐயா, வேறு ஒன்று தரட்டுமா, இந்த ஈத்தில் நல்ல குட்டி இருக்கிறது என்றேன். அவர் சொன்னது: "வேற ஒண்ணு வந்து அவன் எடத்துல படுத்துக்கினா, அவன் வந்தா எங்க படுப்பான்?"

செத்துப்போன வீட்டையும் காணாமல் போன வீட்டையும் இத்தனை நாள் ஒன்றாகவே நினைத்திருந்தேன். ராணிப்பேட்டைக்காரர் தன் நாயைப் புதைத்தார். இவருக்குக் கதவு இன்னும் திறந்திருக்கிறது.

ஆகஸ்ட் 18

கொஞ்ச நாளாக எழுதவில்லை. வீட்டில் சண்டை, நாய்களுக்குள்.

எங்கள் தாய் நாய் செவலைக்கு ஆறரை வயது. நாலு ஈத்து போட்டுவிட்டாள். 2017இல் வந்த மத்திய அரசு விதிப்படி ஐந்து ஈத்து வரை விடலாம், எட்டு வயது வரை விடலாம். நான் நாலோடு நிறுத்திவிட்டேன், கருத்தடையும் செய்தாகிவிட்டது. அடுத்து வைத்திருக்கும் அவளுடைய மகளுக்கு இப்போது இரண்டு வயது. இரண்டு பெட்டைகளும் ஒத்துப்போகவில்லை. போன வாரம் செவலையின் காது கிழிந்து ஐந்து தையல். ஒருத்தி வெளியே இருந்தால் இன்னொருத்தி அறைக்குள். பெரும்பாலும் அறைக்குள் இருப்பது செவலை, ஏனென்றால் அவள்தான் கதவைப் பிராண்டாமல் இருக்கிறாள்.

அவளுக்கு வேறு வீடு பார்க்கலாமா என்று வீட்டுக்காரரிடம் கேட்டேன். இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. "குட்டி போடுற வரைக்கும் வச்சுக்கினு, அப்புறம் தள்ளிவிடுறதா" என்றார். அதற்கு என்னிடம் உடனே பதில் இல்லை. தாய் நாயை அப்படித் தள்ளிவிடுகிற ஆட்களை எனக்குத் தெரியும். நானும் அவர்களில் ஒருத்தியா என்று இரண்டு ராத்திரி படுத்துக்கொண்டே யோசித்தேன். ஆனால் அவள் ஓடிப் பழகிய நாய், நாளில் பதினாறு மணி நேரம் எட்டடி அறையில் இருக்கிறாள். அவளை வைத்திருப்பது இப்போது அவளுக்காகவா எனக்காகவா என்று கேட்டால், எனக்காகத்தான்.

ஆகஸ்ட் 19

குடியாத்தத்துக்குப் போன் செய்தேன். துரைக்குப் பதிலாக என்று சொல்லவில்லை. எனக்கு ஒரு சிக்கல், செவலைக்கு ஒரு இடம் வேண்டும், வயசான பெட்டை, சத்தம் கேட்டால் பயப்படுவாள் என்று உள்ளதைச் சொன்னேன். பெரியவர் கொஞ்சம் யோசித்து, "தொரையோட அம்மாவா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். "இட்டுனு வா பாப்பா" என்றார்.

செப்டம்பர் 15

இன்று கொண்டுபோய் விட்டேன். ஒரு மாதம் ஆனதற்குக் காரணம், காது ஆற வேண்டும், கேட் மாற வேண்டும். மகன் பின்பக்கத்து ஓட்டுக்கும் சுவருக்கும் நடுவே கம்பிவலை அடித்திருந்தார். தெருக்கதவுக்கு உள்ளே இடுப்புயரத்தில் இன்னொரு சின்னக் கதவு. ஒன்றைச் சாத்தாமல் மற்றதைத் திறக்கக் கூடாது என்று பேரப்பிள்ளைகளுக்குச் சொல்லியிருக்கிறார்கள். சின்னவள் எனக்கு இரண்டு தடவை திறந்து சாத்திக் காட்டினாள்.

துரையின் கிண்ணம் அதன் இடத்திலேயே இருந்தது, தண்ணீரோடு. செவலைக்குப் புதுக் கிண்ணம், வேறு மூலையில். சாக்கும் வேறு.

அவள் வீடு முழுக்க மோந்து பார்த்தாள். தறி பக்கம் போய், பாவு நூலுக்குக் கீழே தலையை விட்டு, குழியை எட்டிப் பார்த்தாள். பெரியவர் மிதியிலிருந்து காலை எடுத்துக்கொண்டு அசையாமல் உட்கார்ந்திருந்தார். அவள் அவர் முழங்காலை மோந்து, மோந்து, அங்கேயே முகத்தை வைத்தாள். துரை வாசனை அந்த லுங்கியில் இன்னும் இருக்குமா என்று எனக்குத் தோன்றியது. நாலு மாதம் ஆகிவிட்டது, இருக்காது. ஆனாலும் தோன்றியது.

பஸ்ஸில் வரும்போது என் புடவை முழுக்க அவள் முடி.

அக்டோபர் 6

ராணிப்பேட்டைக்காரர் கேட் படம் அனுப்பியிருக்கிறார். கொண்டி மாற்றி, உள்பக்கம் சங்கிலிக் கொக்கி போட்டிருக்கிறார். பிள்ளைகளை அழைத்துப்போய், நாயைக் கொடுத்தவரிடம் நேரில் மன்னிப்புக் கேட்டாராம். குட்டி கேட்கவில்லையாம்.

ஜூனில் உங்களுக்குக் கொடுக்கக் கூடாது என்று முதல் வரியிலேயே எழுதினேன். இன்று நீங்கள் என் வாசலுக்கு வந்தால் உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்துப் பேசுவேன். குட்டியாக இல்லை. ஓட்டம் தணிந்த, மூன்று நாலு வயது நாய் ஒன்றுக்கு வீடு தேவைப்பட்டால், அது உங்கள் வீட்டுக்குப் பொருந்துமா என்று பார்ப்பேன். பிள்ளைகள் சாப்பிடவில்லை என்பதற்காகக் கொடுக்க மாட்டேன். அவர்கள் அழுது முடிக்கட்டும், அதற்கு நாயைக் கொண்டு பாதியில் நிறுத்த வேண்டாம். கொடுத்த குட்டி எப்படியிருக்கிறது என்று வருடத்துக்கு ஒருமுறையாவது பார்க்க வேண்டும் என்று அந்த 2017 விதியிலேயே இருக்கிறது. நான் போனில் கேட்டுவிட்டு விட்டுவிடுவேன். இனி நேரில் போவேன். கழுத்துப் பட்டையைத் தொட்டுப் பார்ப்பேன்.

நவம்பர் 2

தீபாவளி எப்படிப் போனது என்று நாலு பேர் கேட்டுவிட்டார்கள்.

முப்பதாம் தேதி சாயங்காலமே நானும் வீட்டுக்காரரும் குடியாத்தம் போய்விட்டோம். அவர்தான் போகலாம் என்றார். முதல் சரவெடி வெடித்ததும் செவலை நடுங்க ஆரம்பித்தாள். உள் அறையில் விரித்துவைத்ததில் நிற்கவில்லை. நேராகத் தறிக்குப் போய், மிதிக்கட்டைகளுக்கு நடுவே குழிக்குள் இறங்கிச் சுருண்டுவிட்டாள். மண் குழி, மேலே பாவு, சத்தம் அங்கே கொஞ்சம் அடங்கித்தான் கேட்கும் போலிருக்கிறது. பெரியவர் பலகையில் உட்கார்ந்து காலைக் குழியில் தொங்கவிட்டுக்கொண்டார். அவள் அவர் பாதத்தின்மேல் தலையை வைத்துக்கொண்டாள். ராத்திரி பதினொன்றரை வரை அவர் காலை அசைக்கவில்லை. மரத்துப்போயிருக்கும், மகன் எழுப்பிவிட வந்தபோது வேண்டாம் என்று கைகாட்டினார்.

மறுநாள் விடியலில் சத்தம் ஓய்ந்த பிறகு அவளைச் சங்கிலியில் பிடித்துக்கொண்டு ஆற்றுப் பக்கம் போனார். நாங்கள் எழுந்து பார்த்தபோது துரையின் கிண்ணத்தில் புதுத் தண்ணீர் ஊற்றியிருந்தது.